அப்பாவுக்கு, எஸ்ஸனிலிருந்து

எஸ்ஸன், ஜெர்மனி
18.01.2026, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்கள், அம்மா, ஆச்சி, செல்வி எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரவி மாமா மருமகனிடம் கொடுத்துவிட்ட பார்சல் பொங்கலுக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தது. காராச்சேவுப் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டியதில் உங்கள் கடிதத்தின் ஒரு ஓரம் முழுக்க எண்ணெய். பரவாயில்லை, எழுத்து தெரிகிறது. போனில் "சாப்பிட்டியா, குளிருதா" என்பதற்கு மேல் போகாதவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்களே என்று ஆசையாக உட்கார்ந்தேன். அதில் மூன்று பக்கம் அட்டைப்பெட்டி!

சரி, நானும் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். கடையில் பெட்டியோடு அப்படியே அலமாரியில் வைத்து விற்கிறார்களாமே, செல்வி சொன்னாள், அது எப்படி, நம் சிவகாசிப் பெட்டித் தொழிலில் நம்மால் போட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

நான் வேலை பார்க்கிற சூப்பர் மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் லாரி வரும். சரக்கு எல்லாம் பேலட் என்கிற மரப்பலகைத் தட்டில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி வந்து இறங்கும். பேலட் 1200க்கு 800 மில்லிமீட்டர், ஐரோப்பாவில் பெரும்பாலும் இதே அளவுதான். நம் ஊரில் பெட்டியைப் போட்ட பிறகு லாரியில் எப்படி அடுக்குவது என்று யோசிப்போம். இங்கே பேலட்டிலிருந்து கணக்குப் போட்டுக் கீழே வருகிறார்கள். 600க்கு 400 பெட்டி என்றால் ஒரு வரிசைக்குச் சரியாக நாலு. அதைப் பாதியாக்கினால் 400க்கு 300. அலமாரித் தட்டும் இதை நினைத்தே செய்தது போலப் பொருந்தும்.

இப்போது பெட்டியைக் கையில் எடுங்கள். தேயிலைப் பெட்டி என்று வையுங்கள். பக்கவாட்டில் அரை நிலா வடிவத்தில் ஒரு வெட்டு இருக்கும். கட்டைவிரலை உள்ளே விட்டு இழுத்தால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கிற கோடு வழியாகக் கிழிந்துகொண்டே போய் முன்பக்கமும் மேல்மூடியும் ஒரே துண்டாகக் கழன்று வந்துவிடும். கத்தியே வேண்டாம். கத்தி போட்டால் உள்ளே இருக்கிற பாக்கெட்டும் சேர்ந்து கிழியும், அவசரத்தில் கையும் கிழியும். மிச்சம் இருப்பது ஒரு தட்டு. பின்பக்கம் உயரம், முன்பக்கம் விரல் அகலத்துக்கு மட்டும் ஒரு விளிம்பு. அப்படியே தூக்கி அலமாரியில் தள்ளினால் வேலை முடிந்தது. பாக்கெட் பாக்கெட்டாக எடுத்து அடுக்க இங்கே யாருக்கும் நேரம் கிடையாது, அப்படி அடுக்க ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. இந்த ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 13.90 யூரோ.

கிழிகிற கோட்டில்தான் சூட்சுமம். வெட்டு கூடினால் லாரியில் மேல் பெட்டியின் பாரம் தாங்காமல் கோட்டோடு நசுங்கிவிடும். குறைந்தால் கிழிக்கும்போது அட்டை பிய்ந்து நார் நாராகத் தொங்கும், விற்கிற பொருளுக்கே அசிங்கம். வேறு சிலர் கோடே போடாமல் கீழே தட்டு, மேலே தொப்பி மாதிரி மூடி என்று இரண்டு துண்டாகப் போடுகிறார்கள். அதற்கு அட்டை கொஞ்சம் அதிகம் பிடிக்கும், ஆனால் முனை சுத்தமாக இருக்கும். அச்சும் நாம் அடிப்பது போல இல்லை. மூடிய பெட்டியில் சாதாரண ஒரு கலர் எழுத்துதான். கிழித்த பிறகு வெளியே தெரிகிற அந்தச் சின்ன விளிம்பில்தான் நல்ல கலர், பிராண்டு பெயர் எல்லாம்.

இந்தப் பழக்கத்துக்குப் பேர் போன ஆல்டி கடை பிறந்ததே இந்த ஊரில்தான். (நான் வேலை பார்ப்பது அது இல்லை, வேறு கடை.) 1913இல் ஒரு குடும்பம் இங்கே ஷோன்னபெக் பகுதியில் சின்னதாகக் கடை வைத்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் கார்ல், தியோ இருவரும் போருக்குப் பிறகு அதைப் பெருக்கினார்கள். கொஞ்சம் சரக்கு, அலங்காரம் கிடையாது, பெட்டியைத் திறந்து அப்படியே வை, விலையைக் குறை. இவ்வளவுதான் அவர்கள் தொழில். 1961 வாக்கில் அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள். சிகரெட் விற்கலாமா வேண்டாமா என்ற தகராறு என்பார்கள். ஆனால் அடித்துக்கொள்ளவில்லை. வடக்கு உனக்கு, தெற்கு எனக்கு என்று நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒரே பெயரில் இரண்டு பேரும் நடத்தினார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். புரியவில்லையென்றால் கீழே வருகிறேன்.

காய்கறிக்கு அட்டை இல்லை, மடக்குகிற பிளாஸ்டிக் கிரேட். தோட்டத்தில் தக்காளி எந்தக் கிரேட்டில் விழுந்ததோ அதிலேயே கடைக்கு வந்து, அதிலேயே விற்றும் போகும். காலியானதும் நாலு பக்கத்தையும் உள்ளே மடக்கி அடுக்கிவிடுவோம், கழுவக் கொண்டுபோய்த் திரும்ப வாடகைக்கு விடுவார்கள். பெட்டியை விற்காமல் வாடகைக்கு விட்டே பெரிய கம்பெனி ஆனவர்கள் இருக்கிறார்கள். வாழைப்பழம் மட்டும் இன்னும் அட்டையில், பதினெட்டுக் கிலோ சொச்சம் பிடிக்கிற பெட்டி. நல்ல கனமான அட்டை, இரண்டு பக்கமும் கைபிடிக்க ஓட்டை. இந்த ஊரில் யார் வீடு மாறினாலும் முதலில் தேடுவது அதைத்தான்.

கீழ் வீட்டுப் பாட்டிக்கு வாரம் தவறாமல் நான் கொண்டுவந்து கொடுக்கிறேன். அவரைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேனே, நான் கடுகு தாளித்தால் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாரே, அவர்தான். ஒருமுறை நான் பெட்டியை மடிக்காமல் காகிதக் குப்பைக்கான நீலத் தொட்டியில் போட்டுவிட்டேன் என்று அதை எடுத்துத் தட்டையாக மடித்து என் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவருடைய கணவர் இங்கே பக்கத்தில் ஸோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். 1986இல் அதை மூடிவிட்டார்கள், இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். கிறிஸ்துமஸுக்குப் பாட்டி உருளைக்கிழங்கு சாலட் கொடுத்தார். உப்பு இல்லை, காரம் இல்லை, புளிப்பு மட்டும். நம் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டேன். மார்ச்சில் முதியோர் இல்லத்துக்குப் போகிறார், வாழைப்பழப் பெட்டி அதற்குத்தான். எனக்கென்ன, இனி ஞாயிற்றுக்கிழமையிலும் தைரியமாகத் தாளிக்கலாம்.

அம்மாவுக்கு: குளிர் பூஜ்யத்தை ஒட்டித்தான், பயப்பட ஒன்றும் இல்லை. அறையில் ஹீட்டரை நான் அதிகம் போடுவதில்லை, போட்டால் மூக்கு காய்ந்துவிடுகிறது. ராத்திரி கடை மூடும் நேரத்தில் ரொட்டி, தயிர் எல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைத்து வைப்பார்கள், இங்கே எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். பருப்புப்பொடி தீர்ந்துபோனது, உடனே ஒன்றும் அனுப்ப வேண்டாம், பார்சல் செலவு அதிகம்.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பொதுமக்களுக்கு வெடி விற்க பொதுவாக வருஷத்தில் டிசம்பர் 29, 30, 31 மட்டும்தான் அனுமதி. சில கடைகள் விற்பதையே விட்டுவிட்டன, எங்கள் கடையில் விற்றோம். கால் பேலட் அளவில் மூடிய பெட்டி வரும். மேல் உறையை உருவினால் உள்ளே ராக்கெட், கம்பி மத்தாப்பு எல்லாம் தட்டுத் தட்டாக நிற்கும். பெட்டியேதான் ஸ்டால். அந்த உறையை உருவும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எல்லாம் சீனச் சரக்கு, நம் ஊர்ப் பெயர் எதிலும் இல்லை. ஆனால் உறையைத் தூக்கியதும் ஒரு வாசனை வந்தது, புது அட்டை, பசை, அடியில் லேசாக மருந்து. நம் குடோன்தான் அப்பா. தீபாவளிக்கு முந்திய மாதம், மாரியப்பன் அண்ணன் ரேடியோவைப் போட்டுவிட்டு அட்டையைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டுகிற பஞ்சிங் அடிக்க, ஆச்சி மடியில் நான் பெட்டி மூலைக்குப் பசை தடவிக்கொண்டு இருப்பேனே, அதே வாசனை. கொஞ்ச நேரம் அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன். மேனேஜர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பட்டாசு அலர்ஜி என்று சொல்லிவிட்டேன். சிவகாசிக்காரனுக்கு!

மாரியப்பன் அண்ணன் கை இப்போது எப்படி இருக்கிறது? விரலை மடக்க முடிகிறதா? நீங்கள் எழுதவே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காராச்சேவுக் கடைக்காரர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போடுவதற்கு இந்த மாதிரிப் பெட்டி கேட்கிறார், அதற்காக ஆட்டோமேட்டிக் பஞ்சிங் மெஷின் எடுக்க வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். வேண்டாம் அப்பா. பெட்டிக்கடையில் மேல்மூடியைப் பின்னால் மடித்து நிறுத்தி மிட்டாய் டப்பா வைத்திருப்பார்களே, அதில் எத்தனை லட்சம் நாம் அடித்திருக்கிறோம். இதுவும் அந்தக் குடும்பம்தான், கொஞ்சம் தடித்த அட்டை, அவ்வளவே. நம் பழைய மெஷினிலேயே, கத்தி பதித்த பிளைவுட் அச்சான டையில் கிழிகிற இடத்தில் மட்டும் வெட்டுக்கத்தியை எடுத்துவிட்டுப் புள்ளி புள்ளியாகக் குத்துகிற பெர்ஃபரேஷன் ரூல் போட்டால் போதும். டை அடிக்கிறவரிடம் வெட்டு நீளம் வேறு வேறாக மூன்று மாதிரி கேளுங்கள். அட்டையின் அலை நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும், படுக்கையாகப் போட்டால் பாரம் தாங்காது. மூன்றிலும் சேவு நிரப்பி, லாரியில் அடுக்குகிற உயரத்துக்கு அடுக்கிக் குடோனில் ஒரு வாரம் விடுங்கள். மழைக்காலத்தில் அட்டை ஈரம் இழுத்துத் தளர்ந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். எது நசுங்கவில்லையோ, எதைச் செல்வி ஒரே இழுப்பில் கிழிக்கிறாளோ, அதுதான் நம் பெட்டி.

ஆர்டர் பெரிதானால் அப்போது மெஷின் வேண்டும், சரி. அந்த மெஷின் சித்தப்பா ஷெட்டில் இருக்கிறது. தீபாவளி முடிந்து, காலண்டர் வேலையும் முடிந்து, இந்த மாதமெல்லாம் சும்மாதான் நிற்கும். அடிக்கூலி கொடுத்து அவரிடமே அடிக்கலாம். பாகப்பிரிவினையில் பைண்டிங் மெஷின் யாருக்கு என்று வந்த சண்டைக்கு ஐந்து வருஷமாகப் பேசாமல் இருக்கிறீர்கள். அந்த பைண்டிங் மெஷின் இப்போது இரண்டு பேரிடமும் இல்லை, இரும்புக் கடையில் கிடக்கிறது. பங்குனிப் பொங்கலுக்குச் சித்தி நம் வீட்டுக்கு வருவார்கள் என்று செல்வி சொன்னாள். அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள்.

ராஜபாளையத்து மாப்பிள்ளை விஷயம்: பையன் நல்ல மாதிரி என்றுதான் நானும் கேள்விப்பட்டேன். ஆனால் செல்விக்கு எம்.காம். முடிய இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கிறது. ஜூனுக்குப் பிறகு நாள் பார்க்கலாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவின் நகையைத் தொட வேண்டாம்.

இந்த மாதம் பணம் குறைவாக வந்திருக்கும். புத்தாண்டு முடிந்தால் கடைகளில் கூட்டம் இராது, வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். படிக்க நேரம் கிடைக்கிறது, ஒருவிதத்தில் நல்லதுதான். மார்ச்சுக்குள் சரியாகிவிடும். ஆச்சிக்கு மாத்திரை வாங்குவதை மட்டும் நிறுத்த வேண்டாம், அதற்குத் தனியாகச் செல்வி கணக்கில் போட்டிருக்கிறேன்.

பெட்டி அளவுகளையும், கிழிகிற கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். ஒரு நிஜப் பெட்டியையும் தட்டையாக மடித்து ரவி மாமா மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன், பிப்ரவரியில் ஊருக்கு வருகிறானாம்.

இப்படிக்கு,
உங்கள் மகன்
செந்தில்

பி.கு.: சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தால் பெட்டியை விட்டுவிட்டு பைண்டிங் மெஷினைத்தான் பேசுவீர்கள். அடிக்கூலியை அம்மா பேசட்டும்.