தெமட்டகொடை வீதியும் பூவரசம்பூவும்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பு மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. மருந்தை நேரத்துக்கு விடு. இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விடுவதாயில்லை, பின்னேரக் கடற்கரை நடையும் நின்றுபோய்விட்டது.

சரி, நீ எழுதிய ஒரு வரி இரண்டு நாளாக என்னை அரிக்கிறது. "சுதந்திரத்தை இந்தியாக்காரன் அடிபட்டு வாங்கினான், இலங்கையில் எங்களுக்கு வெள்ளைக்காரன் தாம்பாளத்தில் வைத்துத் தந்தான்." பேத்தியும் பள்ளிக்கூடத்தில் இதையே கேட்டுவிட்டு வந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

கந்தசாமியை நினைத்துப் பார். அரசாங்க எழுதுவினைஞர், உன்னையும் என்னையும் போலக் கந்தோர்க்காரர். 1947 பொது வேலைநிறுத்தத்தின்போது, யூன் 5ஆம் திகதி, கொலன்னாவையிலிருந்து வந்த ஊர்வலத்தின்மேல் தெமட்டகொடைப் பக்கம் பொலிஸ் சுட்டது. அதில் அவர் உயிர் போனது. சுதந்திரத்துக்கு அப்போது எட்டு மாதம்கூட இல்லை. சிங்களவரும் தமிழரும் தோளோடு தோளாக நின்ற வேலைநிறுத்தம் அது. எத்தனை வருஷம் நான் அந்தத் தெமட்டகொடை வீதியால் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்திருப்பேன்! இந்த விஷயம் தெரிய வந்தது ஓய்வுபெற்ற பிறகுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை.

கோவிந்தன் என்று இன்னொருவர். 1940 சனவரியில் முல்லோயாத் தேயிலைத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களைப் பொலிஸ் சுட்டதில் செத்த தொழிலாளி. தோட்டத்துரைமாரின் அதிகாரத்தை எதிர்த்து நின்ற அந்த இந்திய வம்சாவளித் தோட்டச் சனத்தில் லட்சக்கணக்கானோரைத்தான் 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. சுதந்திரம் கிடைத்த அதே வருஷம், மச்சான். இதை பேத்திக்குச் சொல்லும்போது எனக்குக் குரல் அடைத்துவிட்டது.

சூரிய மல் இயக்கம் ஞாபகமிருக்கிறதா? முதலாம் உலகப்போர் வீரர்களின் நினைவாக நவம்பர் 11இல் விற்ற பொப்பிப் பூவின் காசில் பெரும்பங்கு இங்கிலாந்துக்குப் போனது. அதற்குப் போட்டியாக 1933இல் இளைஞர் அணிகள் தெருத்தெருவாகச் சூரிய மல் விற்றன. பூவரசம்பூதான் அது! நாம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய அதே வேலிப் பூவரசு. 1934, 35 மலேரியாக் காலத்தில் ஊரூராக மருந்தும் சாப்பாடும் கொண்டுபோனவர்களும் இதே ஆட்கள்தான். அவர்களில் சிலர் சேர்ந்து 1935 டிசம்பரில் சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியைத் தொடங்கினார்கள்.

அப்புறம், உனக்குப் பிடித்த 1931. வெள்ளைக்காரன் கொண்டுவந்த டொனமூர் அரசியல் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. குடாநாட்டின் நாலு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுப் போடவில்லை. தென்னிலங்கைத் தலைவர்கள் படிப்படியாகப் போவோம் என்று பேசிய காலத்தில் முழு விடுதலை கேட்ட பொடியன்கள் அவர்கள். அந்தத் துணிவை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனாலும் ஒன்று சொல்வேன், கோபிக்காதே. ஆண், பெண், படித்தவர், படியாதவர் எல்லோருக்கும் முதன்முதலாக வாக்குக் கிடைத்த தேர்தல் அது. நம் ஊர்ப் பெண்களுக்கு அந்த நாள் இல்லாமல் போனது. 1934 வரை அந்த இடங்கள் வெறுமையாகவே கிடந்தன. நோக்கம் சரி, வழி பிழை என்பதுதான் என் எண்ணம். உன் ஐயா இருந்திருந்தால் என்னோடு விடிய விடியச் சண்டை பிடித்திருப்பார்.

ஐயா என்றதும் ஞாபகம் வருகிறது. 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது கதர் நிதிக்குத் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்ததாகச் சொல்வாரே, அந்தக் கதையை அவர் சொன்னபடியே எழுதி அனுப்பு. அவருடைய கதர்ச் சால்வை பெட்டியில் இன்னும் இருந்தால் ஒரு படமும் எடுத்து வை. பேத்தி தன் கொப்பியில் ஒட்ட வேண்டுமாம்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்