படக்குறிப்பில் விடுபட்ட 52

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திங்கள் விடியற்காலை 5 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் பார்க்கும் கிறுக்கர்களில் நானும் ஒருவன். எனவே சென்ற இதழில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி பற்றிய கட்டுரையை ஆசையாகப் புரட்டினேன். 1975-க்கும் 1980-க்கும் இடையில் அவர்கள் வென்ற நான்கு கோப்பைகளும், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டெர்ரி பிராட்ஷா ஒருவர் கைவரிசை என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அதே அணியில் ஆடிய மைக் வெப்ஸ்டருக்கு இரண்டே வரி. அந்த இரண்டிலும் பிழை.

வெப்ஸ்டர் ஆடியது 'சென்டர்' என்ற இடத்தில். குனிந்து நின்று பந்தைக் கால்களுக்கு இடையே பிராட்ஷா கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு, எதிரே பாய்ந்து வருகிறவனை முட்டி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்குவதே இவர் கையில்தான். ஆனால் கேமரா பந்தின் பின்னால் போய்விடும். கொட்டும் குளிரிலும் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு நிற்பார். 1974 முதல் ஸ்டீலர்ஸில் 15 சீசன், பிறகு கான்சஸ் சிட்டி அணியில் 2. அந்தப் பதினேழு வருடமும் பயிற்சியிலும் சேர்த்து எத்தனை முட்டல் என்று யார் எண்ணினார்கள்?

ஓய்வுக்குப் பிறகு மணவாழ்க்கை முறிந்தது, பணம் கரைந்தது. சில இரவுகள் தன் வண்டியிலேயே படுத்திருக்கிறார். கழன்ற பல்லைச் சூப்பர் க்ளூ தடவி ஒட்டிக்கொண்டார். வலியில் தூக்கம் வராமல் மின் அதிர்ச்சித் துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டு மயங்கிக் கிடப்பாராம். 2002 செப்டம்பரில் மாரடைப்பு. வயது 50.

இனி பிழைகள். பிட்ஸ்பர்க்கில் பிரேதப் பரிசோதனை செய்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு 'புது நோயைக் கண்டுபிடித்தார்' என்கிறது கட்டுரை. தலையில் அடி மேல் அடி பட்டு மூளை சிதையும் கோளாறு அது; குத்துச்சண்டைக்காரர்களிடம் 1928-லேயே ஒரு மருத்துவர் விவரித்ததுதான். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாத மூளையை விட்டுவிடாமல், கைக்காசு போட்டு மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தாரே, அதுதான் ஒமாலு செய்த காரியம். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரிடம் அதை முதலில் காட்டியவர் அவர். 2005-ல் ஆய்வுக் கட்டுரை வந்ததும், இந்த ஆட்டத்தை நடத்தும் லீகான என்.எஃப்.எல்.-இன் குழு மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள்.

இரண்டாவது பிழைதான் எனக்குப் பொறுக்கவில்லை. 'அதுவரை லீகுக்கு எதுவும் தெரியாது' என்று எழுதலாமா? அணி முதலாளிகளின் ஆட்களும் வீரர் சங்கத்தின் ஆட்களும் சேர்ந்து நடத்தும் ஓய்வூதிய வாரியம், ஆட்டத்தில் தலையில் பட்ட அடிகளால்தான் வெப்ஸ்டர் முடங்கினார் என்று 1999-லேயே ஒப்புக்கொண்டு பணமும் கொடுத்தது. அதிலும் கஞ்சத்தனம்: தொகை அதைப் பொறுத்தது என்பதால், விளையாட்டை விட்டபோதே முடங்கிவிட்டாரா, சில வருடம் கழித்தா என்று இழுத்தார்கள். 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னபோது அவர் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. ஆட்டத்துக்கும் மூளைக் கோளாறுக்கும் தொடர்பு உண்டு என்று லீகின் மூத்த அதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் வாய்திறந்து சொன்னது 2016-ல்.

பிராட்ஷா மேல் எனக்குக் கோபமில்லை. 1997-ல் கேன்டன் நகரிலுள்ள அமெரிக்கக் கால்பந்துப் புகழரங்கில் வெப்ஸ்டருக்கு இடம் கிடைத்தபோது அறிமுகம் செய்துவைத்தவரே அவர்தான். கடைசியாக ஒரு தடவை என்று மேடையிலேயே வெப்ஸ்டரைக் குனியவைத்துப் பந்து வாங்கிக்கொண்டார்.

கட்டுரையோடு நீங்கள் போட்ட படத்திலும் பிராட்ஷாவுக்கு முன்னால் 52 என்ற எண்ணோடு ஒரு முதுகு குனிந்திருக்கிறது. குறிப்பில் பிராட்ஷா பெயர் மட்டும். அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கும்பகோணம்