டெபாசிட் படிவத்தின் முதல் பக்கத்தில் அந்த ஐந்து எண்களை அச்சிடச் சொல்லுங்கள்

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநர் அவர்களுக்கும், தேசிய வீட்டுவசதி வங்கியின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

வீட்டுக்கடன் நிறுவனங்கள் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டிலிருந்து அந்த நிறுவனங்களுக்கான விதிகளை எழுதுவது ரிசர்வ் வங்கி, மேற்பார்ப்பது வீட்டுவசதி வங்கி. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் இருக்கிறார். இழுத்தடித்து இழுத்தடித்துக் கைக்கு வந்த பணிக்கொடைப் பணத்தை எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஏஜென்ட் ஒருவர் வீடு தேடி வந்து ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தின் டெபாசிட் படிவத்தைக் கொடுத்திருக்கிறார். வங்கியைவிட வட்டி அதிகம். மூத்த குடிமக்களுக்கு இன்னும் கால் சதவீதம் கூடுதல். ‘கம்பெனி பத்திரமானதுதானா?’ என்று இவர் கேட்க, அவர் கைப்பேசியில் ஏதோ ஒரு செயலியைத் திறந்து காட்டியிருக்கிறார். பச்சை வட்டத்துக்குள் 7/9 என்று இருந்ததாம். படிவத்தோடு என்னிடம் வந்து, ‘சார், ஒம்போதுக்கு ஏழு மார்க் வாங்கியிருக்கு. பாஸ் மார்க்குக்கு மேலேதானே?’ என்று கேட்டார்.

நான் வணிகவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஜோசப் பியோட்ரோஸ்கி என்ற கணக்கியல் அறிஞர் 2000-ஆம் ஆண்டில் வகுத்த ஒன்பது கேள்விகள் அவை. லாபம் வந்ததா, தொழிலிலிருந்து ரொக்கம் வந்ததா, கடன் சுமை குறைந்ததா, நடப்பு விகிதம் (ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடனுக்கு எதிராக ஓராண்டுக்குள் ரொக்கமாகும் சொத்து) கூடியதா, மொத்த லாப விகிதம் உயர்ந்ததா என்று போகும். ‘ஆம்’ என்றால் ஒன்று, ‘இல்லை’ என்றால் சுழியம். சந்தையில் மலிவாகக் கிடக்கும் பங்குகளில் தேறக்கூடியவை எவை என்று பங்கு வாங்குகிறவர்கள் பிரித்துப் பார்க்க அவர் செய்த கருவி அது. டெபாசிட் போடுகிறவருக்காகச் செய்ததல்ல. கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தை மனத்தில் வைத்தும் செய்ததல்ல. மல்லிகைச் சரத்தை முழம் போட்டு அளக்கலாம், அரிசியை முழம் போட முடியுமா?

சரக்கே இல்லாத நிறுவனத்துக்கு மொத்த லாப விகிதம் என்று எதைச் சொல்வது? அதைக்கூட விட்டுவிடலாம். ரொக்கத்தைப் பற்றிய கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. கடன் கொடுக்கும் நிறுவனம் புதிதாக ஒரு வீட்டுக்கடன் கொடுத்தால், அந்தத் தொகை ரொக்க ஓட்ட அறிக்கையில் தொழிலிலிருந்து வெளியே போன பணமாகப் பதிவாகும். ஆகவே ஒழுங்காக வளர்ந்துகொண்டிருக்கும் நிறுவனத்துக்கு அந்த வரி பெரும்பாலும் கழித்தல் குறியோடுதான் வரும், மதிப்பெண்ணும் குறையும். அதே நிறுவனத்துக்குச் சந்தையில் யாரும் கடன் தராமல் போய், புதுக்கடன் கொடுப்பதை நிறுத்தி, இருக்கிற கடன் தொகுப்புகளை விற்றுப் பழைய பாக்கியை அடைக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? ரொக்க வரவு கூட்டலாக மாறும். கடன் சுமை குறையும். மதிப்பெண் ஏறும். மூச்சுத் திணறும் நேரத்தில்தான் பச்சை வட்டம் வரும்.

ஒரு நிறுவனம் திவாலாகுமா என்று கணிக்க எட்வர்ட் ஆல்ட்மன் 1968-இல் வகுத்த இசட் மதிப்பெண்ணை எடுத்தால் கதை தலைகீழ். உற்பத்தி நிறுவனங்களின் கணக்கை வைத்துச் செய்த சூத்திரம் அது, 1.81-க்குக் கீழே போனால் ஆபத்து என்பார்கள். சொத்தில் பெரும்பகுதியைக் கடன் வாங்கியே நிற்கும் வீட்டுக்கடன் நிறுவனம், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்த அளவில் ஆபத்து வளையத்துக்குள்தான் விழும். ஒரு சூத்திரத்தில் எல்லாரும் மோசம், இன்னொன்றில் சாகப்போகிறவன் தேவலாம். தெருவில் இன்று புழங்குவது இந்த மதிப்பெண்கள்தான். சரியான மதிப்பெண்ணைத் தரக்கூடியவர்கள் பேசாமல் இருப்பதால்தான் தவறானவை புழங்குகின்றன. கேட்க வேண்டிய கேள்வியை உங்களிடம் கேட்கிறேன்: டெபாசிட் வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்கடன் நிறுவனத்துக்கும், அதன் தணிக்கை செய்த கணக்கிலிருந்து, அந்தத் தொழிலுக்குப் பொருந்தும் ஒரு மதிப்பெண்ணைக் கணக்கிட்டுப் படிவத்தின் முதல் பக்கத்தில் அச்சிடச் சொல்ல ஏன் உங்களால் முடியவில்லை?

பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கிய திவான் ஹவுசிங் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் விவகாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் இயக்குநர் குழுவை 2019 நவம்பர் 20 அன்று கலைத்து நிர்வாகியை நியமித்ததே ரிசர்வ் வங்கிதான். 2018 மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் லாபம் காட்டிய நிறுவனம் அது. 2019 தொடக்கம் வரை அதற்கு ‘ட்ரிபிள் ஏ’ என்ற மிக உயர்ந்த தரச்சான்று இருந்தது. பிறகு சில படிகள் இறங்கி, ஜூன் முதல் வாரத்தில் வட்டி கட்டத் தவறியதும் ‘டி’, அதாவது கடனைக் கட்டத் தவறிய நிறுவனம். சில மாதங்களுக்குள் உச்சியிலிருந்து தரைக்கு. இதுதான் சாமானியனுக்குப் பெரிய எழுத்தில் காட்டப்பட்ட ஒரே அளவுகோல்.

வட்டி தவறுவதற்கு முன்னாலேயே, 2019 மே மாதத்தில், முதிர்வுக்கு முன் டெபாசிட்டை எடுக்க முடியாது என்று அந்த நிறுவனம் நிறுத்திவிட்டது. இந்த ஒன்றைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ‘அவசரம்னா எப்ப வேணும்னாலும் உடைச்சுக்கலாம்’ என்று சொல்லித்தான் ஏஜென்ட் டெபாசிட் போட வைக்கிறார். வயதானவர்கள் அதை நம்பித்தான் கையிருப்பு மொத்தத்தையும் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், பணம் இருக்கிறது, ரசீதும் கையில் இருக்கிறது, அந்த ரசீதின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினால் கவுன்டரில் வாங்க மாட்டேன் என்கிறார்கள். காரணம் கேட்டால் ‘மேலிடத்து உத்தரவு’. கடன் வாங்கிக் கட்டலாம் என்றால் எழுபது வயதுக்காரருக்கு யார் கடன் தருவார்? சேமித்து வைத்தவர் கைமாற்றுக்கு உறவினர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அதன்பின் தீர்ப்பாயம், கடன் கொடுத்தோர் குழு, ஏலம் என்று 2021 வரை இழுத்தது. இரண்டு லட்சம் வரை போட்டவர்களுக்கு முழுதாகக் கிடைத்தது. அதற்கு மேல் போட்டவர்களுக்கு ரூபாய்க்குச் சுமார் 23 பைசா. வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்த்த ஒரு ரூபாய்க்கு 23 பைசா என்றால், மிச்சம் 77 பைசாவுக்கு யார் பதில் சொல்வது?

அதற்குப் பிறகு நீங்கள் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2024 ஆகஸ்டில் விதிகளை இறுக்கினீர்கள். நிகர சொந்த நிதியைப் போல, அதாவது நிறுவனத்தின் சொந்தப் பணத்தைப் போல, மூன்று மடங்கு வரை டெபாசிட் வாங்கலாம் என்றிருந்ததை ஒன்றரை மடங்காக்கினீர்கள். டெபாசிட்டுக்கு எதிராக வைத்திருக்க வேண்டிய, உடனே ரொக்கமாக்கக்கூடிய சொத்தைப் படிப்படியாக 15 சதவீதமாக உயர்த்தினீர்கள். கொடிய நோய் வந்தால், டெபாசிட் போட்ட மூன்று மாதத்துக்குள்கூட அசல் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுதினீர்கள். நன்றி. ஆனால் கல்லாவில் பணம் இருந்தால்தானே அந்த விதி வேலை செய்யும்? இருக்குமா என்பதைப் பணம் போடுவதற்கு முன்பே மதிப்பிட ஒரு வழி வேண்டும் என்பதுதான் என் மன்றாட்டு.

நடத்துநர் கொண்டுவந்த படிவத்தை நான் முழுதாகப் படித்தேன். முகப்பில் தரச்சான்று பெரிய எழுத்தில் மின்னியது. வட்டி விகிதம் அதைவிடப் பெரிதாக. உங்கள் பெயர் எங்கே வருகிறது தெரியுமா? உள்ளே, கண்ணாடி போட்டும் படிக்க முடியாத பொடி எழுத்தில். நிறுவனத்தின் நிதிநிலை உறுதியாக இருக்கிறதா என்பதற்கோ, டெபாசிட் திரும்ப வரும் என்பதற்கோ ரிசர்வ் வங்கி எந்தப் பொறுப்பும் ஏற்காது, உத்தரவாதமும் தராது என்ற வாசகம் அது. அதை அச்சிட வேண்டும் என்பது நீங்கள் போட்ட விதி. ‘எனக்குப் பொறுப்பில்லை’ என்ற வரியைக் கட்டாயமாக அச்சிட வைக்க முடிகிற உங்களுக்கு, நிறுவனம் எந்த நிலையில் இருக்கிறது என்ற வரியைக் கட்டாயமாக்க மட்டும் முடியாதா? வங்கி டெபாசிட்டுக்காவது ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. இங்கே ஒரு ரூபாய்க்கும் இல்லை. அதைச் சொல்லும் வரியும் அதே பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில்.

கடன் கேட்டு நாங்கள் போனால் எங்களுக்கு 300 முதல் 900 வரை ஒரு எண் இருக்கிறது. எப்போதோ கிரெடிட் கார்டில் ஒரு தவணை தவறியது முதல் எல்லாம் அதில் வந்துவிடுகிறது. அந்த எண் குறைந்தால் வட்டி ஏறும், இல்லையென்றால் விண்ணப்பமே திரும்பும். எங்களைப் பற்றி அவர்களுக்கு அத்தனையும் தெரியலாம். எங்கள் பணத்தை வாங்கிக்கொள்கிறவர்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியக் கூடாது. எங்கள் மாநிலத்தில் 1990-களில் நிதி நிறுவனங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போனபோதும் இதே கதைதான்; வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-இல் வந்தது, மக்கள் பணம் போன பிறகு. எப்போதும் ஏமாந்த பிறகுதான் சட்டம் வருமா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது பெரிதல்ல. ஐந்து எண்கள் போதும், மூன்று ஆண்டுகளுக்கு, பக்கத்தில் பக்கத்தில். மூலதனப் போதுமை, அதாவது கொடுத்த கடனின் அபாயத்துக்கு எதிராக நிறுவனத்தின் சொந்த மூலதனம் எத்தனை சதவீதம், அதற்கு நீங்கள் விதித்த குறைந்தபட்ச 15 சதவீதத்துக்கு எவ்வளவு மேலே நிற்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் தவணை வராத கடன் எவ்வளவு. அதோடு ஒரு மாதத்துக்கு மேல் தவறியதும் சேர்த்து எவ்வளவு, ஏனென்றால் நாளைய வாராக்கடன் இன்று அந்த இரண்டாவது கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கும். கொடுத்த கடனில் பில்டர்களுக்குப் போனது எவ்வளவு, வீடு வாங்கும் குடும்பங்களுக்குப் போனது எவ்வளவு. லாபக் கணக்கில் வரவு வைத்த வட்டியில் உண்மையில் ரொக்கமாக வந்தது எவ்வளவு.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியம். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் நிறுவனம் திருப்பிக் கட்ட வேண்டியது எவ்வளவு, அதே பன்னிரண்டு மாதத்தில் அதற்கு வர வேண்டியது எவ்வளவு. வீட்டுக்கடன் இருபது வருஷத்துக்குத் திரும்பி வரும். அதற்கான பணத்தை மூன்று மாத, ஆறு மாதக் கடன் பத்திரங்களில் திரட்டினால், சந்தை ஒரு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலே கதை முடிந்தது. 2018 செப்டம்பரில் உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி தந்துவந்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெரிய நிறுவனம் கவிழ்ந்த பிறகு பல நிறுவனங்களின் கழுத்தை இறுக்கியது இதுதான். பியோட்ரோஸ்கியின் நடப்பு விகிதக் கேள்வி இதற்கு அருகில் வரும், ஆனால் அது கூடியதா என்று மட்டுமே கேட்கும், பற்றாக்குறை எவ்வளவு என்று கேட்காது. உங்களுக்கு நிறுவனங்கள் அனுப்பும் முதிர்வு அறிக்கைகளில் இருக்கிறது.

கணக்கே பொய்யாக இருந்தால் மதிப்பெண் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திவானில் இல்லாத ஒரு பாந்த்ரா கிளையின் பெயரில் 2.6 லட்சம் போலி வீட்டுக்கடன் கணக்குகள் இருந்ததாக சிபிஐ 2021-இல் வழக்குப் பதிந்தது. எந்தச் சூத்திரமும் அதை நேரடியாகப் பிடித்திருக்காது. ஆனால் பொய்க் கடனிலிருந்து ரொக்கம் வராது. எழுதிய வட்டிக்கும் வந்த வட்டிக்கும் இடையிலான பள்ளத்தை வருஷக்கணக்கில் மூடி மறைப்பது, எண் எல்லார் கண்ணிலும் படும்போது, இப்போது இருப்பதுபோல் அத்தனை சுலபமாக இருக்காது.

பீதி கிளம்பும் என்று இன்னொரு காரணம் சொல்வீர்கள். பெரியவர்களுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்துதான் இருக்கிறது. 2018 செப்டம்பர் 21 அன்று, ஒரு பரஸ்பர நிதி நிறுவனம் திவானின் கடன் பத்திரங்களைத் தள்ளி விற்றது என்ற செய்தி பரவியதும், பங்கு விலை ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அன்றைக்கு ஓட வேண்டியவர்கள் ஓடிவிட்டார்கள். அதற்குப் பிறகும் எட்டு மாதம் கிளைக் கவுன்டர்களில் டெபாசிட் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த எட்டு மாதத்தில் பணம் போட்டவர்களின் நிம்மதியைக் காக்கத்தானா இந்த மௌனம்? உங்கள் ஆய்வறிக்கைகளை நாங்கள் கேட்கவில்லை. வங்கிகளின் ஆய்வறிக்கையையே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. நாங்கள் கேட்பது அதைவிடச் சிறியது. தணிக்கை முடிந்து ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் சிதறிக் கிடக்கும் எண்களைப் பொறுக்கி எடுத்து, எல்லா நிறுவனத்துக்கும் ஒரே முறையில் கணக்கிட்டு, ஒரே இடத்தில் வையுங்கள் என்பதுதான்.

நடத்துநர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ‘நீங்களே சொல்லுங்க சார், போடலாமா வேண்டாமா?’ என்று என்னைக் கேட்கிறார். அந்த நிறுவனம் நல்லதாகவே இருக்கலாம். ஆண்டறிக்கையை இறக்கி வைத்துக்கொண்டு குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். தெருவுக்கு ஒரு வணிகவியல் வாத்தியார் கிடைக்க மாட்டார்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வரும் ஏப்ரல் முதல், டெபாசிட் வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்கடன் நிறுவனத்தின் படிவத்திலும், தரச்சான்று அச்சாகும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்த ஐந்து எண்களும் அவற்றிலிருந்து நீங்கள் வகுக்கும் மதிப்பெண்ணும் இருக்க வேண்டும். படிவம் எந்த மாநிலத்தில் விநியோகிக்கப்படுகிறதோ அந்த மாநில மொழியில் இருக்க வேண்டும். எந்த எண்ணாவது முந்தைய ஆண்டைவிட மோசமாகியிருந்தால், பழைய டெபாசிட்தாரர்களுக்கும் அதைத் தபாலிலோ குறுஞ்செய்தியிலோ தெரிவிக்க வேண்டும். சூத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் உங்கள் அலுவலகங்களிலேயே இருக்கிறார்கள். வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேளுங்கள். எங்களைப் போன்றவர்கள் எழுதி அனுப்பக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி.