தண்ணீர்ப் பந்தலில் நீ குடிக்காத மோர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே ஆயர் ஈத்தாமில் எல்லோரும் நலம். தைப்பூசம் முடிந்து நீ கோலாலம்பூருக்குத் திரும்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. தொலைபேசியில் "வேலை அதிகம்மா" என்பதற்கு மேல் நீ எதுவும் சொல்வதில்லை. எனக்கும் கேட்க வாய் வருவதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளி ரதத்தின் பின்னால் நாம் நடந்தபோது பந்தலுக்குப் பந்தல் மோரும் ரோஜா சிராப்பும் நீட்டினார்கள். நீ வாங்கிய ஒரே கோப்பையையும் சித்தி மகனிடம் கொடுத்துவிட்டாய். உனக்கு விரதம் என்று சித்தி நினைத்துக்கொண்டாள். கழிப்பறைக்குப் போக நேரிடும் என்றுதான் நீ குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பேருந்தில் ஐந்து மணி நேரமும் அப்படித்தான் வருகிறாய். தாப்பாவில் வண்டி நின்றாலும் இறங்குவதில்லை. வேலையிடத்தில் எழுந்து போகும் நிமிடங்களைக்கூடக் கணக்கு வைக்கிறார்கள் என்று ஒருமுறை சொன்னாய். யார் கணக்கு வைத்தாலும் வைக்கட்டும், நீ அடக்காதே.

முதுகெலும்பின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளின் மறைவில், கைமுட்டி அளவில் இருக்கும் சிறுநீரகங்களை நீயே வரைந்திருக்கிறாய். கல்லீரல் இடத்தை அடைத்துக்கொள்வதால் வலப்பக்கத்துச் சிறுநீரகம் சற்றுத் தாழ்ந்திருக்கும் என்று நான் சொன்னதை நினைவில் வைத்து, அதைக் கீழிறக்கி வரைந்தவள் என் வகுப்பில் நீ ஒருத்திதான். அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்னும் நுண்ணிய வடிகட்டும் குழல்கள் ஏறக்குறைய 10 லட்சம் இருக்கின்றன. அவற்றில் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகிறது. நம் இரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி மொத்தமே 3 லிட்டர் அளவுதான் என்பதால், அதே நீர் ஒரு நாளில் 60 முறை வடிகட்டப்படுகிறது. உடம்புக்கு வேண்டிய சர்க்கரையையும் உப்பையும் நீரையும் அந்த நுண்குழல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ள, ஒன்று அல்லது இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது. நீ குடிக்காத நாள்களில் சிறுநீரகம் இருக்கிற நீரையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகிறது. கழுவிவிட நீர் இல்லாத இடத்தில் கிருமி தங்கிவிடும்.

சிறுநீரகங்களிலிருந்து இறங்கும் இரண்டு குழாய்களும் சிறுநீர்ப்பையின் சுவருக்குள் சாய்வாக நுழைகின்றன. பை நிறையும்போது அந்த அழுத்தத்தாலேயே குழாயின் வாய் மூடிக்கொள்வதால், சிறுநீர் மேலே திரும்புவதில்லை. எத்தனை ஆண்டுகள் கற்பித்தும் அந்த அமைப்பை விளக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கும். பையில் ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் சேர்ந்ததும் முதல் உணர்வு வரும். 400, 500 ஆனால் நிறைந்துவிட்டது என்று பொருள். வாசலில் உள்ள வெளித்தசை நம் சொல்லைக் கேட்கிறது என்பதற்காக அதை மணிக்கணக்கில் இறுக்கி வைக்கலாகாது. ஆணுக்குச் சிறுநீர் வெளியேறும் வழி 20 சென்டிமீட்டர் என்றால் பெண்ணுக்கு 4 சென்டிமீட்டர்தான். கிருமி ஏற அதிகத் தூரமில்லை. இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை, பாப்பா.

தண்ணீர்மலைக் கோயில் படிகளில் நீ விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு நின்றாய். அன்றிரவு உன் தோள்பையின் கிழிந்த வாரைத் தைக்க எடுத்தபோது கிருமித் தொற்றுக்கான மாத்திரை அட்டையைப் பார்த்தேன். பாதி அப்படியே இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அப்போதே கேட்டிருக்க வேண்டும். சிறுநீர்ப்பையில் இருக்கும் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறினால் காய்ச்சலும் நடுக்கமும் முதுகுவலியும் வரும். அப்போது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அழிந்த நெஃப்ரான் மீண்டும் முளைப்பதில்லை. அப்பாவுக்கு இனிப்பு நீர் நோயால் சிறுநீரகம் கெட்டுப்போனபின் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடந்தாரே, ஊசி ஏறிய அந்த இடது கையை நீதானே தடவிக் கொடுத்தாய்? அளந்து வைத்த தண்ணீருக்கு மேல் ஒரு மிடறு கேட்டுக் கெஞ்சியவரின் மகள், நீட்டிய மோரை வேண்டாமென்கிறாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டேன், எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை. நீ ஐந்தாம் ஆண்டில் என் வகுப்பில் இருந்தபோது, இதே பாடத்துக்காகக் கரும்பலகையில் சிறுநீர்ப்பையை வரைந்துகொண்டிருந்தேன். நீ கை தூக்கினாய். டீச்சர் மகளுக்குச் சலுகை என்று எவரும் சொல்லிவிடக் கூடாதென்று, "மணி அடிக்கட்டும், உட்கார்" என்றேன். இரண்டாம் முறையும் தூக்கினாய். நான் பார்த்தேன், பாப்பா. பார்த்தும் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மற்றப் பிள்ளைகள் சிரித்த பிறகுதான் உன் நாற்காலியின் கீழே பார்த்தேன். மறுநாளிலிருந்து உன் தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே வீடு திரும்பியது. பிள்ளை பழகிக்கொண்டாள் என்று நானும் நிம்மதியடைந்தேன். இதுவரை அதற்காக உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், அம்மாவை மன்னித்துவிடு.

மீந்த மாத்திரைகளை நீயாக எடுத்துச் சாப்பிடாதே. கிளினிக்குக்குப் போ, பாதியில் நிறுத்தியதைச் சொல், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். தண்ணீர் குடி, அடக்காதே. சித்திரைப் புத்தாண்டுக்கு வரும்போது தாப்பாவில் இறங்கு. தனியாக இறங்கிப் போகக் கூச்சமாக இருந்தால் என்னைத் தொலைபேசியில் கூப்பிடு. நீ திரும்ப வண்டியில் ஏறும் வரை பேசிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா