பல்பு கரண்டைத் தின்பதில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவு போனில் நீ கேட்டது மனதிலேயே நின்றுவிட்டது. "ரெண்டு பல்பைத் தொடரிணைப்பில் மாட்டினால், முதல் பல்பு கொஞ்சம் கரண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தானே அடுத்ததுக்கு விடும்? அது ஏன்ப்பா தப்பு?" என்றாய். நான் ஏதோ பதில் சொன்னேன். உனக்குச் சரியாக விளங்கியிருக்காது என்று எனக்கே தெரிந்தது. போனை வைத்துவிட்டு மேசையில் இரண்டு பேட்டரி, ஒரே மாதிரி இரண்டு டார்ச் பல்பு, மல்டிமீட்டர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீ நினைத்தது முட்டாள்தனம் இல்லைம்மா. பதினேழு வயதில் வயரிங் வேலைக்குப் போனவன் நான். பல வருடம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "கரண்ட் செலவாகுது" என்று தினமும் பேசுகிறோம், அந்தப் பேச்சே நம்மை அப்படி நினைக்க வைக்கிறது.

இரண்டு பல்பையும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினேன். பேட்டரிக்கும் முதல் பல்புக்கும் நடுவில் வயரைப் பிரித்து மீட்டரை நுழைத்தேன்: 0.22 ஆம்பியர். இரண்டு பல்புக்கும் நடுவில் வைத்தேன்: 0.22. இரண்டாவது பல்பைத் தாண்டி, பேட்டரிக்குத் திரும்பும் வழியில் வைத்தேன். அங்கேயும் 0.22. இரண்டு பல்பும் ஒரே அளவுக்கு மங்கலாக எரிந்தன. முதல் பல்பு எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால், இரண்டாவது கட்டாயம் இன்னும் மங்கியிருக்கும்.

அப்படியானால் பேட்டரி எதனால் தீர்ந்துபோகிறது? இதுதான் நீ கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி. தீர்ந்துபோவது ஆற்றல். சைக்கிள் செயினை நினைத்துப் பார். மிதிக்கும் காலின் உழைப்பு பின் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. செயினில் ஒரு கண்ணிகூடக் குறைவதில்லை. பின் சக்கரத்தைச் சுற்றிய கண்ணிகள் அத்தனையும் திரும்பி வருகின்றன. பேட்டரி மிதிக்கிற கால், பல்பு சுற்றுகிற சக்கரம், வயரில் இருக்கும் எலக்ட்ரான்கள் செயின். எலக்ட்ரான்களைப் பேட்டரி உண்டாக்குவதில்லை. அவை செம்புக்குள் முன்பே நிறைந்து கிடக்கின்றன. பேட்டரி அவற்றைத் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

சுவிட்ச் போட்டவுடன் பல்பு எரிவதும் இதனால்தான். எலக்ட்ரான் ஒன்று சுவிட்சிலிருந்து பல்புவரை ஓடி வருவதாக நினைக்காதே. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடினால், எலக்ட்ரான்கள் ஒரு மீட்டர் நகர ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகும். அத்தனை மெதுவு! ஆனால் எண்ணிக்கை அதிகம். ஒரு ஆம்பியர் என்றால், கம்பியின் ஒரு இடத்தை ஒரு விநாடியில் கடக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, ஏறக்குறைய 6.24-ஐப் பத்தின் பதினெட்டாம் அடுக்கால் பெருக்கினால் வரும் எண். மிதித்தவுடன் செயின் முழுவதும் சேர்ந்து நகர்கிற மாதிரி, சுற்று முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகரத் தொடங்குகிறது. செயின் ஒரு இடத்தில் அறுந்தால் எல்லாமே நின்றுவிடும். தொடரில் மாட்டிய பல்புகளில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன், இன்னொன்றும் அணைந்தது. அது இதனால்தான்.

அப்புறம் வோல்ட். மின்னழுத்தத்தை "கரண்டின் வேகம்" என்று சிலர் சொல்வார்கள், அதை மறந்துவிடு. ஒரு கூலும் மின்னூட்டம் (ஒரு ஆம்பியர் ஓடும்போது ஒரு விநாடியில் கடந்து போகும் அளவு) இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும்போது எத்தனை ஜூல் ஆற்றலைக் கொடுக்கிறது என்பதுதான் வோல்ட். மீட்டரை ஒரு பல்பின் இரண்டு முனையிலும் வைத்தேன்: 1.45. அடுத்த பல்பிலும் 1.45. இரண்டையும் சேர்த்துப் பேட்டரி முனையில் 2.9. கரண்ட் எங்கும் பங்கு போகவில்லை, வோல்ட் மட்டும் பங்கு போயிருக்கிறது பார். ஒவ்வொரு பல்புக்கும் 1.45 பெருக்கல் 0.22, அதாவது 0.32 வாட். ஒரு விநாடிக்கு அத்தனை ஜூல் வெப்பமாகவும் வெளிச்சமாகவும் வெளியே போகிறது. பேட்டரி இழப்பது இதைத்தான்.

1845-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் மின்சுற்று பற்றிய தன் இரண்டு விதிகளைச் சொன்னபோது அவருக்கு 21 வயது, இன்னும் மாணவர். வயர்கள் கூடும் சந்தியில் வந்து சேரும் மின்னோட்டமும் பிரிந்து போகும் மின்னோட்டமும் சமம். ஒரு சுற்றில் ஏறிய வோல்ட் எல்லாம் இறங்கியாக வேண்டும். மேசையில் நான் மீட்டரை இடம் மாற்றி மாற்றிப் பார்த்தது அதைத்தான். நீ இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்வதைவிட, நாலு இடத்தில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது.

பிறகு பக்க இணைப்பில் மாட்டினேன், அதாவது ஒவ்வொரு பல்பையும் தனித்தனியாகப் பேட்டரியின் இரண்டு முனையோடும் சேர்த்தேன். இரண்டு பல்பும் பளிச்சென்று எரிந்தன. ஒவ்வொன்றிலும் 0.3 ஆம்பியர், பேட்டரியிலிருந்து வரும் வயரில் 0.6. ஒன்றைக் கழற்றினாலும் மற்றது அணையவில்லை. வீட்டு வயரிங் இப்படித்தான் இருக்கும். சமையலறை விளக்கை அணைத்தால் கூடத்து விளக்கு அணையக் கூடாதல்லவா?

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், பாப்பா. எதுவும் மாட்டாதபோது பேட்டரி முனையில் 3.1 வோல்ட் இருந்தது. தொடரிணைப்பில் அது 2.9 ஆனது. பக்க இணைப்பில் 2.5-க்கு இறங்கிவிட்டது. உன் கணக்குகளில் பேட்டரி எப்போதும் ஒரே வோல்ட் கொடுக்கும். நிஜப் பேட்டரிக்கு உள்ளேயே ஒரு தடை இருக்கிறது, அக மின்தடை. 0.6 ஆம்பியர் எடுத்தபோது 0.6 வோல்ட் உள்ளேயே போய்விட்டது, ஆகவே ஏறக்குறைய ஒரு ஓம். பழைய பேட்டரியில் இது ஏறிவிடும். மீட்டரில் வோல்ட் சரியாகக் காட்டும், பல்பைப் போட்டால் எரியாது. அந்த ஏமாற்றத்தை நீயும் ஒருநாள் பார்ப்பாய்.

மின்தடையின் அலகுக்குப் பெயர் தந்த ஓம் என்ற ஜெர்மன்காரர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருக்கும் பேட்டரி இதே தொல்லையைக் கொடுத்தது, அளவு நிலையாக நிற்கவே இல்லை. கடைசியில் பேட்டரியை விட்டுவிட்டு, செம்பு, பிஸ்மத் என்ற இரண்டு உலோகங்களைச் சேர்த்து ஒரு வெப்ப இரட்டை செய்தார்; அவை சேரும் இரண்டு சந்திகளில் ஒன்று சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்தால் அது மின்னழுத்தம் தரும். ஒரு சந்தியைக் கொதிக்கும் நீரிலும் இன்னொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அதிலிருந்து வந்த சிறிய, ஆனால் ஆடாத மின்னழுத்தத்தை வைத்துத்தான் தன் விதியைக் கண்டார். 1827-இல் புத்தகமாக வந்தபோது சொந்த நாட்டில் பெரிதாக மதிக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது 1841-இல். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

வோல்ட்டைக் கரண்டால் வகுத்தால் வருவது மின்தடை; வெப்பநிலை மாறாதபோது அது மாறாது என்பதுதான் அவர் விதி. அதை நம் பல்பில் போட்டுப் பார். தொடரில் 1.45-ஐ 0.22-ஆல் வகுத்தால் 6.6 ஓம். பக்க இணைப்பில் 2.5-ஐ 0.3-ஆல் வகுத்தால் 8.3 ஓம். அதே பல்பு! நீ கணக்கில் தப்பு செய்யவில்லை, விதியும் தப்பில்லை. பளிச்சென்று எரியும்போது இழை இன்னும் சூடாகிறது, சூடான உலோகத்தில் மின்தடை கூடும். "வெப்பநிலை மாறாதபோது" என்று ஓம் விதியில் ஒரு சொற்றொடர் வருமே, எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போவார்களே, அது இதற்காகத்தான்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கரண்டை அளக்க மீட்டர் சுற்றுக்கு நடுவில் நுழைய வேண்டும். அதன் தடை மிகக் குறைவு. வோல்ட் அளக்கும்போது அதே மீட்டர் பத்து மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம், அளவுக்குத் தடை காட்டி ஓரமாக நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சிவப்பு வயர் ஆம்பியர் துளையில் இருப்பதைக் கவனிக்காமல் பிளக் பாயிண்டில் வைத்துவிட்டேன். டமாரென்று ஒரு சத்தம். மீட்டருக்குள் ஃபியூஸ் போனது, முனை இரண்டும் கருகின, என் கை பிழைத்தது. உடம்பு வழியாக முப்பது மில்லியாம்பியர், அதாவது 0.03 ஆம்பியர், போனாலே ஆபத்து. உன் டார்ச் பல்புக்குப் போவது அதைப்போல ஏழு மடங்கு. பேட்டரியின் 3 வோல்ட் உலர்ந்த தோலைத் தாண்டி அவ்வளவைத் தள்ள முடியாது; சுவரில் இருப்பது தள்ளிவிடும். ஆகவே எந்தச் சோதனையும் பேட்டரியோடு மட்டும். பிளக் பாயிண்ட் பக்கம் போகவே போகாதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டி வரும். பேட்டரி ஹோல்டர், மூன்று பல்பு, முதலை கிளிப் வைத்த வயர்கள், மீட்டர் உள்ளே இருக்கின்றன. ஆம்பியர் அளந்து முடித்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றி வைத்துவிடு.

முதலில் இதைச் செய். இரண்டு பல்பைப் பக்க இணைப்பில் மாட்டி, அந்த ஜோடிக்கு முன்னால் மூன்றாவது பல்பைத் தொடரில் வை. மூன்றும் எரியும்போது, ஜோடியில் ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற இரண்டில் எது மங்கும், எது பிரகாசமாகும்? கழற்றுவதற்கு முன்பே உன் பதிலைக் காகிதத்தில் எழுதிவிடு. பிறகு கழற்றிப் பார்த்துவிட்டு, இரண்டையும் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம்.

அன்புடன்,
அப்பா