போகியன்று நான் வைத்த தீ

கோத்தகிரி
தை 9

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. குளிரில் விரல் மடங்கவில்லை என்று சாக்குச் சொன்னால் நம்ப மாட்டாய். உண்மையில் வெட்கம்தான். கமலாவின் முழங்கால் தேவலை. சின்னவன் வேலை மாறிவிட்டான். பெரியப்பா வீட்டு வழக்கு, கேட்கவே வேண்டாம்.

மாசியில் பேரப்பிள்ளைகளோடு வருகிறாய், என் வீட்டுக் கொல்லையில் கட்டை அடுக்கித் தீ மூட்டிக் குளிர்காய வேண்டும், தீபாவளியில் மிஞ்சிய ராக்கெட்டும் சரவெடியும் கொண்டுவருவாய் என்று எழுதியிருக்கிறாய். வா. அந்தப் பையை மட்டும் மதுரையிலேயே விட்டுவிடு. ரயிலில் பட்டாசு கொண்டுவருவதே குற்றம். சரவெடியை உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை செய்துவிட்டது. நம் மாநிலத்தில் தீபாவளிக்கே காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம்தான். இதையெல்லாம் தெருப் பையன்களிடம் கடிகாரத்தைக் காட்டிச் சொல்லி, 'மத்தாப்பு வாத்தியார்' என்ற பழைய பட்டத்தை இந்த வருடமும் காப்பாற்றிக்கொண்டேன்.

அந்த வாத்தியார் போகியன்று என்ன செய்தார் தெரியுமா?

பழைய பாய், கிழிந்த சாக்கு, கற்பூர மரச் (யூகலிப்டஸ்) சருகு எல்லாவற்றையும் கொல்லையில் குவித்து விடியலில் பற்றவைத்தேன். உறைபனி ஈரத்தில் பிடிக்கவில்லை. சரி, வெயில் வரட்டும் என்று பத்து மணிக்கு மறுபடி வைத்தேன். தப்பு அங்கேதான். பனியில் கருகிய புல் வெயில் ஏறியதும் காகிதமாகிவிடுகிறது. நாற்பது வருடம் இந்த மலையில் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. காப்பி குடித்துவிட்டுத் திரும்பினால் கண்ணுக்குத் தீயே தெரியவில்லை சுந்தரம். வெளுத்த புல்லின் ஓரம் மட்டும் கறுத்துக் கறுத்து மேலே நகர்ந்துகொண்டிருந்தது. மேலே வேலி, வேலிக்கு அப்பால் காப்புக்காடு. உரிந்து தொங்கும் கற்பூரப் பட்டை ஒன்று பிடித்திருந்தால் போதும்.

கமலா நனைத்த சாக்கோடு ஓடினாள், அந்த முழங்காலோடு. நான் திட்டிய அதே பையன்கள் பச்சைக் கிளையை ஒடித்து அடித்து அணைத்தார்கள். வேலிக்கு ஐந்தடி முன்னால் நின்றது.

புகையைப் பார்த்து வனக்காப்பாளர் வந்துவிட்டார். வயதில் என் மகனைவிடச் சின்னவர். காட்டுக்குள் தீ வைப்பது மட்டுமல்ல, காட்டுக்கு ஆபத்து வரும்படி பக்கத்தில் தீயை எரியவிடுவதும் 1882-ஆம் வருடத்து வனச் சட்டப்படி குற்றம் என்று பொறுமையாகச் சொன்னார். சொந்தக் கொல்லை என்பதெல்லாம் எடுபடாது. தீயைக் கவனக்குறைவாகக் கையாண்டால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எழுதி வாங்கிக்கொண்டு எச்சரிக்கையோடு விட்டார். போகும்போது, "நீங்கள்தானே ஐயா, தீபாவளிக்குக் கடிகாரம் காட்டியவர்?" என்றார். பையன்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இரவில் தூக்கம் வரவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறப் போன பிள்ளைகள் காட்டுத்தீயில் சிக்கிக் கருகியது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அதுவும் காய்ந்த புல்தான்.

காட்டுமாட்டை விரட்ட வெடி போடுகிறார்களே என்று நீ வாதாடுவாய். அது வனத்துறை ஆட்களின் வேலை, உன்னுடையது அல்ல. மாசியில் இங்கே கோடை தொடங்கிவிடும், அப்போது ஒரு பொறியும் வேண்டாம். அறைக்குள் கரியடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதாதே. கதவைச் சாத்திக் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நீயும் படித்திருப்பாய். கமலா மிளகு ரசம் வைப்பாள். பிள்ளைகளுக்குக் கம்பளி இருக்கிறது.

குல்லா மட்டும் என்னிடம் இல்லை. போன தடவை நீ போட்டுக்கொண்டு போனது என்னுடையது. அதைக் கொண்டுவா.

உன்,
ராமு