தொட்ட ஃபோல்டரை மட்டும் பில்டு செய்யுங்கள்

மதிப்பிற்குரிய சென்னை பில்டு குழுவினருக்கு,

வணக்கம். திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கிளையிலிருந்து எழுதுகிறேன். எந்தச் சின்ன மாற்றம் வந்தாலும் நம் நிரல் இருக்கிற 13 ஃபோல்டர்களையும் முழுக்க பில்டு செய்கிறீர்கள், அதாவது நிரலை ஓடும் மென்பொருளாக்கிச் சோதிக்கிறீர்கள். மாறிய ஃபோல்டரை மட்டும் செய்யச் சொல்லி மூன்று முறை டிக்கெட் (கோரிக்கைப் பதிவு) போட்டேன். மூன்றையும் 'பிறகு பார்க்கலாம்' என்று மூடிவிட்டீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

போன வியாழக்கிழமை பில்டு க்யூவில் நடந்தது உங்கள் திரையிலேயே இருக்கும். இந்தப் பக்கம் நடந்தது அதில் தெரியாது. அம்பாசமுத்திரம் பக்கம் நம் எடைச்சீட்டு மென்பொருளை வைத்திருக்கிற அரிசி ஆலையில் பிசான நெல் வந்து இறங்குகிற நேரம். சீட்டில் சாக்குக் கழிவு (சாக்கின் எடைக்காகக் கழிப்பது) இரண்டு முறை கழிந்துவிட்டது. மூட்டைக்கு முக்கால் கிலோ என்று வைத்தாலும், 120 மூட்டை லோடில் 90 கிலோ நெல் விவசாயி கணக்கில் குறைகிறது. ஆலை அண்ணாச்சி சீட்டு போடுவதையே நிறுத்திவிட்டார். அவர் செய்தது சரி. தவறு எங்களுடையது, ஒரே ஒரு வரி. பிற்பகல் 3.40க்குள் திருத்தி, சோதித்து, அனுப்பிவிட்டேன்.

அப்புறம் காத்திருந்தேன். எங்களுக்கு முன்னால் இரண்டு பில்டுகள். ஒன்றில் யாரோ ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் எழுத்துப்பிழை திருத்தியிருந்தார்கள், இன்னொன்றில் நிர்வாகத் திரையின் பொத்தான் நிறம். இரண்டுக்கும் 13 ஃபோல்டர்களும் முழுக்க பில்டு ஆயின, ஒவ்வொன்றுக்கும் 52 நிமிடம். எங்கள் முறை வந்து முடியப்போகிற நேரத்தில் விடுதி முன்பதிவு ஃபோல்டரின் ஒரு டெஸ்ட் நேர வரம்பைத் தாண்டி விழுந்தது, அதாவது தோற்றது. நாங்கள் அந்த ஃபோல்டரைத் தொடவே இல்லை. மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம். திருத்தம் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 7.15.

அதுவரை ஆறு டிராக்டர்கள் ரோட்டோரம் நின்றன. அண்ணாச்சி நான்கு முறை போன் செய்தார். கடைசி முறை குரலில் கோபம்கூட இல்லை. "தம்பி, நெல்லு கொண்டாந்தவங்க காலையில இருந்து நிக்காவ. ஒரு வரிதான்னு சொன்னேல்லா?" என்றார். சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

கேட்பது ஒன்றுதான்: எந்த ஃபோல்டர் மாறியதோ அதை மட்டும் பில்டு செய்யுங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் 'பாத்ஸ்' என்றும், கிட்லேபில் 'ரூல்ஸ் சேஞ்சஸ்' என்றும் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் பில்டைத் தானாக ஓட்டும் கருவிகள்.

'முன்பு போட்டுப் பார்த்தோம், மெர்ஜ் சிக்கிக்கொண்டது' என்று ஒரு டிக்கெட்டில் எழுதியிருந்தீர்கள். மெர்ஜ் என்பது திருத்தத்தை முதன்மை நிரலோடு சேர்ப்பது. உண்மைதான். கிட்ஹப்பில் பாத்ஸ் வடிகட்டியால் வொர்க்ஃப்ளோ (தானாக ஓடும் வேலைத்தொடர்) மொத்தமாகத் தவிர்க்கப்பட்டால், மெர்ஜுக்கு முன் தேற வேண்டிய கட்டாயச் சோதனை 'பெண்டிங்' (நிலுவை) என்றே நின்றுவிடும், மெர்ஜ் ஆகாது. அதற்காக வடிகட்டலையே கைவிட வேண்டியதில்லை. வொர்க்ஃப்ளோ எப்போதும் தொடங்கட்டும். முதலில் அதிலுள்ள ஒரு சின்ன ஜாப் (ஒரு வேலை) எந்தெந்த ஃபோல்டர் மாறியது என்று பார்க்கட்டும். மற்ற ஜாப்கள் அதன் பேச்சைக் கேட்டு ஓடட்டும், இல்லை ஒதுங்கட்டும். நிபந்தனையால் ஒதுங்கிய ஜாபை கிட்ஹப் வெற்றியாகவே எடுத்துக்கொள்ளும். கடைசியில் எல்லா முடிவுகளையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு ஜாபை மட்டும் கட்டாயமாக்கினால் போதும். அந்தக் கடைசி ஜாப் மட்டும் எந்த நிலையிலும் ஓடியாக வேண்டும். முந்தைய ஜாப் விழுந்ததால் அதுவும் ஒதுங்கிவிட்டால், தோல்வியும் வெற்றி மாதிரி கடந்து போய்விடும்.

இன்னொரு பயமும் நியாயமானது. 'பொது' ஃபோல்டரில் கை வைத்தால் அதை நம்பியிருக்கிற எல்லாமே உடையலாம். சரி, பொது மாறினால் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் பில்டு செய்யுங்கள். பில்டு எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் பைப்லைன் கோப்பு மாறினாலும் அப்படியே. ஒப்பிடும்போது கடைசிக் கமிட்டோடு (பதிவு செய்த மாற்றத்தோடு) நிறுத்தாமல், நிரலின் தனிக் கிளை 'மெயின்' என்ற முதன்மைக் கிளையிலிருந்து பிரிந்த இடம்வரை பாருங்கள். நிரலை இறக்கும் செக்அவுட் படி இயல்பாக ஒரு கமிட்டை மட்டுமே இறக்குகிறது, அதனால் வரலாற்றையும் சேர்த்து இறக்கச் சொல்ல வேண்டும். மனம் ஒப்பவில்லை என்றால் ராத்திரி ஒருமுறை 13 ஃபோல்டரையும் முழுசாக ஓட்டுங்கள். ராத்திரி எங்கள் ஆலைகளில் யாரும் எடை போடுவதில்லை.

இதை எழுதும்போது வேறொன்றும் மனதில் வருகிறது. சென்னையில் ஒரு திரை தாமதமானால் அன்றே கூட்டம் போடுகிறீர்கள். திருநெல்வேலியில் டிராக்டர்கள் வரிசையாக நின்றால் அது டிக்கெட் எண்ணாக மட்டும் வந்து சேர்கிறது. எங்கள் வாடிக்கையாளர்கள் மெயில் எழுதுகிறவர்கள் இல்லை. அவர்கள் எங்களுக்குப் போன் செய்கிறார்கள், நாங்கள் உங்களுக்கு எழுதுகிறோம், நீங்கள் மூடிவிடுகிறீர்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி ஏறினால் காலையில் இங்கே இறங்கிவிடலாம். ஒருவராவது வந்து அந்த எடைமேடை அருகில் ஒரு பிற்பகல் நின்று பாருங்கள்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை பழையதுதான்: மாறிய ஃபோல்டரை மட்டும் பில்டு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. எடைச்சீட்டு ஃபோல்டரிலிருந்து தொடங்கலாம். இந்த நிபந்தனைகளைச் சொல்லும் யாமெல் கோப்பை நானே எழுதி திங்கட்கிழமை அனுப்புகிறேன். உங்களில் ஒருவர் அதைப் படித்து, குறை இருந்தால் சொல்லி, மெர்ஜ் செய்ய அனுமதி தர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அறுவடை இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
எடைச்சீட்டுப் பிரிவைக் கவனிக்கும் ஊழியன்,
திருநெல்வேலிக் கிளை